‘ரன்’ என்ற சொல்லில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மற்றவர்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இயந்திரக் கையேடு, மருந்துக் குறிப்பு, செயலியின் பொத்தான் சொற்கள், செய்திக் கட்டுரை, ஒப்பந்தம் என்று எல்லாம் வரும். எது வந்தாலும் தவறாமல் சறுக்குகிற சொல் ‘ரன்’. கடினமான சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்கிறோம். இந்தச் சொல்லுக்கு யாரும் திறப்பதில்லை, சின்ன வயதிலேயே ‘ஓடு’ என்று மனப்பாடம் செய்துவிட்டதால்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், அதற்கு ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று 2011-இல் செய்தி வந்தது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். என் மேசைக்கு வரும் தவறுகள் திரும்பத் திரும்ப ஏழெட்டு வகைக்குள்தான் அடங்குகின்றன. ஒவ்வொன்றும் வெளியே எப்படித் தெரியும், எளிய காரணம் எது, செலவு வைக்கும் காரணம் எது, எந்த இடத்தில் துறை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

‘ரன்’னை விரலால் மறைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைத் தொடர்ந்து எந்த வினை தானாக நாக்கில் வருகிறது என்று பாருங்கள்.

காய்ச்சல்... அடிக்கிறது. மூக்கு... ஒழுகுகிறது. சாயம்... போகிறது. கூட்டம்... நடக்கிறது. கெடு... முடிகிறது. விளம்பரம்... வருகிறது. கண்ணீர்... வழிகிறது. பேருந்து... ஓடுகிறது.

தமிழில் ஒவ்வொரு பெயருக்கும் கூடவே குடித்தனம் செய்யும் வினை ஒன்று உண்டு. ஆங்கிலம் இந்த எட்டு இடத்திலும் ‘ரன்’ ஒன்றை வைத்தே சமாளித்துவிடும். நாம் ‘ரன்’னுக்கு ஈடு தேடும்வரை கோளாறு தீராது, பெயர்ச்சொல்லுக்கு வினை தேடினால் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். தீராதவைக்குத்தான் கீழே உள்ளவை.

அறிகுறி 1: ஓட முடியாத ஒன்று ஓடுகிறது

‘அறிக்கை நாற்பது பக்கங்களுக்கு ஓடுகிறது’, ‘குழந்தைக்குக் காய்ச்சல் ஓடுகிறது’, ‘நீரிழிவு அந்தக் குடும்பத்தில் ஓடுகிறது’ என்றெல்லாம் வந்திருக்கும்.

எளிய காரணம்: மனப்பாடப் பொருளை அப்படியே வைத்தது. மேலே சொன்ன விரல் சோதனை போதும். அறிக்கை நாற்பது பக்கம் வருகிறது. நீரிழிவு அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது.

அதில் பிடிபடவில்லை என்றால், வாக்கியத்தில் இருப்பது ‘ரன்’னா, ‘ரன்னிங்’கா என்று பாருங்கள். ‘ரன்னிங்’ பெயருக்கு முன்னால் வரும்போது கண்ணில் படாமல் நழுவிப் போகும். நான் அதிகம் திருத்தியது ‘ரன்னிங் வாட்டர்’. ‘பாதி வீடுகளில் ஓடும் நீர் இல்லை’ என்று ஓர் அறிக்கையில் வந்தது. வீட்டுக்குள் எதற்கு ஓடும் நீர்? குழாயில் தண்ணீர் வரும் வசதி இல்லை என்பதுதான் சேதி. முதலுதவிக் குறிப்பில் இது இன்னும் முக்கியம். தீக்காயத்தைக் குளிர்ந்த ‘ரன்னிங்’ தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்வது வழக்கமான வரி. ‘ஓடும் நீரில்’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஆறும் வாய்க்காலும் வரும். ‘குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்’ என்றால் அவசரத்தில் இருப்பவருக்குக் கை தானாகக் குழாய்க்குப் போகும்.

‘ரன்னிங்’ நாளுக்கோ வாரத்துக்கோ பின்னால் வந்தால் ‘தொடர்ந்து’ என்று பொருள். ‘மூன்றாவது நாள் ஓடி’ என்று வந்ததைத் ‘தொடர்ந்து மூன்றாவது நாளாக’ என்று மாற்றிவிடுங்கள்.

செலவு வைக்கும் காரணம்: கோப்பு முழுவதிலும் யாரோ ‘எல்லாவற்றையும் மாற்று’ கட்டளையைக் கொடுத்திருப்பது. ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் பொருந்தாத ‘ஓடு’ தென்பட்டால் இதுதான். அப்போது தமிழை மட்டும் படித்து ஒட்டுப்போடாதீர்கள். மூலத்தைப் பக்கத்தில் வைத்து, ‘ரன்’ வரும் வரிகளை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரை நாள் ஆகும். குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை.

அறிகுறி 2: செய்பவர் யார், செய்யப்படுவது எது என்று குழம்புகிறது

‘அவர் மூன்று பள்ளிகளை ஓடுகிறார்’ என்று எழுதியிருப்பார்கள். அல்லது திருத்துவதாக நினைத்து, ‘பள்ளிகளை ஓட்டுகிறார்’ என்று ஆக்கியிருப்பார்கள்.

ஆங்கிலத்தில் இயந்திரமும் ‘ரன்’ ஆகிறது, இயந்திரத்தை ஆளும் ‘ரன்’ செய்கிறார். சொல்லின் உருவம் மாறுவதில்லை. தமிழில் அது தன்வினையா பிறவினையா என்று முதலில் முடிவு செய்தே ஆக வேண்டும். ஓடு, ஓட்டு. நட, நடத்து. இயங்கு, இயக்கு. பாய், பாய்ச்சு. ஏறு, ஏற்று. இந்த ஐந்து ஜோடிகளையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ‘ரன்’னை அடுத்து ‘எதை’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா? இருந்தால் ஜோடியில் இரண்டாவது சொல். இல்லையென்றால் முதலாவது.

ஜோடி சரி, ஆனாலும் வாக்கியம் இடிக்கிறதா? ஜோடியையே மாற்றுங்கள். பள்ளி, நிறுவனம், முகாம், ஆய்வு, தேர்வு, போட்டி ஆகியவற்றுக்கு ‘நடத்து’. வாகனத்துக்கு ‘ஓட்டு’. மோட்டார், மென்பொருள், ஆலைக்கு ‘இயக்கு’. தண்ணீரை வயலுக்குப் ‘பாய்ச்சு’, தொட்டிக்கு ‘நிரப்பு’. கம்பியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ‘இழு’. தலைமுடிக்குள் விரலைக் ‘கோது’. கண்ணை வரிகள்மேல் ‘ஓட்டு’. இங்கேயும் ‘ஓட்டு’ எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்.

அறிகுறி 3: பக்கம் முழுக்க ‘இயக்கு’, படிக்கக் கட்டை போல் இருக்கிறது

மென்பொருள் வேலையில் பழகியவர்கள் செய்வது இது. ‘மருத்துவ முகாம் இயக்கப்பட்டது’, ‘விளம்பரம் இரண்டு வாரம் இயங்கியது’, ‘இரத்தப் பரிசோதனையை இயக்கினார்கள்’. இலக்கணம் தவறில்லை என்பதால் பலர் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

சோதனை: ‘இயக்கு’ என்ற இடத்தில் எல்லாம், அந்தப் பொருளுக்கு ஒரு விசையோ பொத்தானோ இருக்கிறதா என்று கேளுங்கள். முகாமுக்குப் பொத்தான் கிடையாது, அதனால் ‘நடத்தப்பட்டது’. விளம்பரம் ‘வந்தது’. பரிசோதனை ‘செய்தார்கள்’.

இதன் இன்னொரு முகம்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது. ‘ஓடு’ என்றாலே ஆங்கில வாடை என்று பயந்து, அது சொந்த வீடாக இருக்கும் இடத்திலிருந்தும் துரத்திவிடுகிறார்கள். ‘திரைப்படம் நூறு நாட்கள் திரையிடப்பட்டுக்கொண்டிருந்தது’ என்று ஒருவர் எழுதினார். படம் நூறு நாள் ஓடியது ஐயா! தமிழில் படம் ஓடும், கடிகாரம் ஓடும், பொழுது ஓடும், வியாபாரம் ஓடும், குடும்பம் ஓடும், ஆறு ஓடும். கவலையில் இருப்பவருக்கு ஒன்றும் ஓடாது. வண்டி டீசலில் ஓடும், கைபேசி பேட்டரியில் ஓடும். இவை எதுவும் கடன் வாங்கியவை அல்ல. இரு மொழியும் தற்செயலாக ஒரே வழியில் போகும் இடங்கள் இவை. அங்கே விலகிப் போக வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால், ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். முகத்தைச் சுளித்தால் மாற்றுங்கள். சுளிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வல்லுநர் யாரும் தேவையில்லை.

அறிகுறி 4: ஒவ்வொரு சொல்லும் சரி, மொத்தத்தில் கதையே மாறிவிட்டது

‘நேற்றுக் கடைத்தெருவில் பழைய ஆசிரியருக்குள் ஓடினேன்.’ இப்படி ஒன்று வந்தால் ‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டிய சிறு சொல்லைத் தனியாகப் பிரித்து மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த வகையில்தான் என் நேரம் அதிகம் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ரன் இன்டு’: பின்னால் ஆள் வந்தால் எதேச்சையாகப் பார்த்தது. சுவரோ மரமோ வந்தால் மோதியது. சிக்கல் வந்தால் மாட்டிக்கொண்டது. தொகை வந்தால் அந்த அளவை எட்டியது. ‘இழப்பு கோடிகளுக்குள் ஓடுகிறது’ என்பதைக் ‘கோடிக்கணக்கில் இருக்கிறது’ என்று மாற்றுங்கள்.

‘ரன் அவுட்’: சரக்கு என்றால் தீர்ந்துவிட்டது. ஒப்பந்தம், கடவுச்சீட்டு என்றால் காலாவதியானது. பொறுமை என்றால் போய்விட்டது. கிரிக்கெட் என்றால் ரன் அவுட்டேதான், தொடாதீர்கள். பின்னால் ‘ஆன்’ என்று இன்னொரு சிறு சொல்லும் ஆளும் சேர்ந்தால் நிலைமை வேறு: அந்த ஆளை நட்டாற்றில் விட்டுப் போனார் என்று பொருள்.

‘ரன் ஓவர்’: இங்கே செயப்படுபொருள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘ரன்’னுக்கும் ‘ஓவர்’க்கும் நடுவில் ஆள் அகப்பட்டுக்கொண்டால் வண்டி ஏறிவிட்டது. ‘ஓவர்’க்குப் பிறகு ‘டு’ வந்து ஆள் வந்தால், அவரிடம் ஓடிப் போனார், அவ்வளவுதான். ‘ஓவர்’க்குப் பிறகு குறிப்பேடோ பட்டியலோ வந்தால் ஒருமுறை பார்வையை ஓட்டினார். கூட்டம் எழுவாயாக இருந்தால் குறித்த நேரத்தைத் தாண்டியது. பாத்திரம் என்றால் வழிந்தது. ஒரு சிறுகதையில், தோழி அழுவதைப் பார்த்து நாயகி ஓடிப் போகும் இடத்தில், அவள்மேல் வண்டியேற்றியதாகத் தமிழில் வந்திருந்தது. மூலத்தில் அந்த ‘டு’ வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மொழிபெயர்த்தவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

‘ரன் டவுன்’: பேட்டரி என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. கட்டடம் என்றால் சிதிலமானது. உடம்பு என்றால் சோர்ந்து போனது. ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டம் தட்டுவது. பட்டியல் என்றால் மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டு வருவது. வண்டி என்றால் இடித்துத் தள்ளியது.

‘ரன் அப்’: கடனோ பில்லோ ஏறிவிட்டது. கொடி என்றால் ஏற்றினார்கள். துணி என்றால் சட்டென்று தைத்துக் கொடுத்தார். பெயர்ச்சொல்லாக வந்து பக்கத்தில் தேர்தல் இருந்தால், தேர்தலை ஒட்டிய நாட்கள்.

‘ரன் த்ரூ’: நாடகம், பேச்சு என்றால் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்ப்பது. வாள் என்றால் ஊடுருவக் குத்துவது. சொத்து, பணம் என்றால் செலவழித்துத் தீர்ப்பது.

‘ரன் பை’: நடுவில் ஒரு யோசனை, கடைசியில் ஓர் ஆள் இருந்தால் ‘அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்’. ‘இதை மேலாளர் அருகே ஓட்டுங்கள்’ என்று வந்த வரியை மூன்று முறை படித்த பிறகுதான் எனக்கு மூலம் என்னவாக இருக்கும் என்று பிடிபட்டது.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், ஆங்கிலம்–ஆங்கில அகராதியில் ‘ரன்’ பதிவின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். சிறு சொல் ஒட்டிய வடிவங்கள் பெரும்பாலும் அங்கேதான் தனித்தனியாக இருக்கும். முதல் பக்கத்தில் தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். ஆங்கிலம்–தமிழ் அகராதியை இரண்டாவதாகப் பாருங்கள்.

அறிகுறி 5: ‘ஓட்டம்’ என்று வந்திருக்கிறது, ஆனால் யாரும் ஓடவில்லை

‘ரன்’ பெயர்ச்சொல்லாக வந்த இடம். முன்னால் ‘தி’ அல்லது ‘எ’ இருக்கும், அல்லது இன்னொரு பெயரோடு ஒட்டியிருக்கும். எளிய காரணம், கிரிக்கெட்டில் பழகிய ‘ஓட்டம்’ கையோடு வந்துவிடுவது.

ஒட்டியிருக்கும் முன்சொல்லைப் பாருங்கள். அச்சுத் தொழிலில் வந்தால் ஒரே முறையில் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை. கோழியோடு வந்தால் கோழிகள் திரியக் கம்பிவலை கட்டிய இடம். பனிச்சறுக்கோடு வந்தால் சறுக்கி இறங்கும் பாதை. சால்மன் மீனோடு வந்தால் முட்டையிட ஆற்றில் ஏறி வருவது. காலுறையோடு வந்தால் நூல் பிரிந்து கீழ்வரை போன கோடு. பன்மையில், முன்னால் ‘தி’யோடு, உடல்நலம் பற்றிய பேச்சில் வந்தால் வயிற்றுப்போக்கு. ‘லாங்’ முன்னால் வந்தால் போகப் போக, நாளடைவில்.

முன்சொல்லும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: ‘புல் ரன்’. முன்சொல் காளை என்று தெரிந்ததும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மூன்று வேறு பொருள்கள் இங்கே காத்திருக்கின்றன.

பங்குச் சந்தைக் கட்டுரை என்றால், விலைகள் நீண்ட நாள் ஏறிக்கொண்டே போன காலம். ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரம் பக்கத்தில் இருந்தால், சான் ஃபெர்மின் திருவிழாவில் ஜூலை 7 முதல் 14 வரை காலையில் தெருவில் காளைகளை அவிழ்த்துவிட்டு அவற்றின் முன்னால் ஆட்கள் உண்மையாகவே ஓடுவது. பக்கத்தில் 1861 அல்லது 1862 என்ற ஆண்டோ, வர்ஜீனியா என்ற பெயரோ இருந்தால், அது அமெரிக்க உள்நாட்டுப் போர். அங்கே ‘புல் ரன்’ என்பது ஒரு நீரோடையின் பெயர். அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைகளுக்கு ‘ரன்’ என்று பெயர் வைப்பது வழக்கம். அந்த ஓடைக்கரையில் 1861 ஜூலை 21 அன்று ஒரு போரும், 1862 ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு போரும் நடந்தன. தென்பகுதிக்காரர்கள் அந்தப் போர்களையே மனாசஸ் போர் என்றார்கள். ‘காளை ஓட்டப் போர்’ என்று வந்ததைப் ‘புல் ரன் போர்’ என்று பெயராகவே திருப்பி வைத்தேன். நம்மிடமும் ‘ஓடு’ என்பதிலிருந்துதான் ‘ஓடை’ என்பதைக் கவனித்தபோது அந்த மாலை எனக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் இடப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.

இன்னொன்று ‘பேங்க் ரன்’. ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் வங்கி எங்கோ ஓடிவிட்டது போல் இருக்கிறது. ஓடுவது வைப்புதாரர்கள். வங்கி திவாலாகும் என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வது. இங்கே ஒரு எச்சரிக்கை. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். அதைப் பற்றிய கட்டுரையில் ‘பணம் எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது’ பொருந்தும். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க முயன்றவர்களில் பெரும்பாலானோர் இருந்த இடத்திலிருந்தே கணினியிலும் கைபேசியிலும் அதைச் செய்தார்கள். அங்கே ‘முண்டியடித்தது’ தவறான காட்சியைக் கொடுக்கும். ‘ஒரே நேரத்தில் டெபாசிட்டைத் திரும்ப எடுக்க முனைந்தார்கள்’ என்று இரண்டுக்கும் பொருந்துமாறு எழுதலாம். நிதிப் பாடநூல் வேலையானால் அந்தத் துறை ஆசிரியரிடம் கலைச்சொல் பட்டியல் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ஒரே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்துங்கள்.

அறிகுறி 6: வேட்பாளர் ஓடுகிறார்

சுலபம். தமிழில் தேர்தலில் நிற்கிறோம், அல்லது போட்டியிடுகிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நிற்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில்தான் ஓடுகிறார்கள். ‘ரன்னிங் மேட்’ என்றால் துணை அதிபர் வேட்பாளர். ‘ஓட்டத் துணை’ வேண்டாம். ‘ரன் ஆஃப்’ தேர்தல் என்றால் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு. ஆனால் அதே ‘ரன் ஆஃப்’ மழையோடு வந்தால் நிலத்தில் வழிந்தோடும் நீர்.

அறிகுறி 7: செயலியில் பொத்தானை அழுத்தினால் நடப்பது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று

உடற்பயிற்சிச் செயலி ஒன்றில் ‘இயக்கத்தைத் தொடங்கு’ என்று பொத்தான் வந்திருந்தது. அது ‘ஓடத் தொடங்கு’ என்றிருக்க வேண்டும். அதே வாரத்தில் இன்னொரு மென்பொருளில், தானாக நடக்கும் வேலைகளின் பட்டியலில், ‘கடைசி ஓட்டம்: 3 மணி நேரத்துக்கு முன்’ என்று இருந்தது. அதைக் ‘கடைசியாக இயங்கியது’ என்று மாற்றினேன்.

எளிய காரணம்: ஒற்றைச் சொல் மட்டும் மொழிபெயர்க்க வந்தது, அது பொத்தானா தலைப்பா என்று தெரியவில்லை. கோப்பில் சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள அடையாளக் குறியைப் பாருங்கள். ‘பட்டன்’ என்றோ ‘லேபிள்’ என்றோ பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பொத்தான் என்றால் ஏவல், ‘இயக்கு’. நிலை காட்டுவது என்றால் ‘இயங்குகிறது’. பட்டியலில் எண்ணிக்கை என்றால் பெயர்ச்சொல்.

அடுத்த காரணம்: மொழிபெயர்ப்பு நினைவகம் (முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்துவைத்துத் திரும்ப எடுத்துத் தரும் மென்பொருள்), வேறு திட்டத்தில் சேமித்ததை நூறு சதவீதப் பொருத்தம் என்று கொண்டுவந்து நிரப்பியிருக்கும். நூறு சதவீதம் என்பது ஆங்கில எழுத்துகளின் பொருத்தம்தான். ‘ரன்’ மட்டும் உள்ள வரிகளில் தானியங்கி நிரப்பலை நிறுத்திவைப்பது என் வழக்கம்.

இரண்டிலும் தெளிவு வரவில்லை என்றால் யூகிக்காமல், உருவாக்குநரிடம் அந்தத் திரையின் படத்தைக் கேளுங்கள். ஒரு நாள் தாமதமாகும், பரவாயில்லை. ஆங்கிலத்தில் ஒரே வரி இரண்டு திரைகளில் பயன்படுகிறது என்று அவர் சொன்னால், அது உங்களால் தீராது. அவர்தான் வரியை இரண்டாகப் பிரித்துத் தர வேண்டும்.

அறிகுறி 8: வாக்கியம் தெளிவாகப் படிக்கிறது, ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது

மற்ற ஏழும் படித்தவுடன் காட்டிக் கொடுத்துவிடும். இது காட்டிக் கொடுக்காது. தமிழ் நன்றாக இருக்கும், பொருள் தலைகீழாக இருக்கும். சட்டம், மருத்துவம், இயந்திரம் மூன்றிலும் நான் தனியாக முடிவெடுப்பதில்லை.

சட்டம்: ஒருவருக்கு ஐந்து ஆண்டு, மூன்று ஆண்டு என இரண்டு தண்டனை. அவை ‘ரன் கன்கரன்ட்லி’ என்றால் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும், மொத்தம் ஐந்து ஆண்டு. ‘ரன் கான்செக்யூட்டிவ்லி’ என்றால் ஒன்றன்பின் ஒன்றாக, எட்டு ஆண்டு. இரண்டுக்கும் ‘தொடர்ந்து நடைமுறையில் இருக்கும்’ என்று ஒரே மாதிரி எழுதிய பிரதியைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் மூன்று ஆண்டு அந்தச் சொல்லில் இருக்கிறது. காலக்கெடு ஒரு தேதியிலிருந்து ‘ரன்’ ஆகிறது என்றால், கெடு அன்று முதல் கணக்கிடப்படும். ஓர் உரிமையோ கட்டுப்பாடோ நிலத்தோடு ‘ரன்’ ஆகிறது என்றால், நிலம் கைமாறினாலும் புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். எழுதியபின் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மருத்துவம்: சலைன் ‘ரன்’ செய்வது என்றால் ஏற்றுவது. அதோடு மணிக்கு எத்தனை மில்லி என்ற வேகமும் வரும். எண்ணும் அலகும் சரியாக இருந்தாலும் மருத்துவரோ செவிலியரோ பார்க்காமல் அனுப்பாதீர்கள். மருத்துவமனைப் பேச்சில் ‘கோட்’ ஒன்றை ‘ரன்’ செய்வது, நின்றுபோன இதயத்தை மீட்கும் அவசர சிகிச்சையை முன்னின்று நடத்துவது. மென்பொருளில் பழகிய கண் அதை ‘நிரலை இயக்கு’ என்றே படிக்கும்.

இயந்திரம்: இதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். தண்ணீர் பம்ப் ஒன்றின் கையேடு திருத்த வந்தது. ஆறாம் பக்கத்தில், ‘ஒத்திகை ஓட்டம் கண்டிப்பாகக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பதினொன்றாம் பக்கத்தில், ‘பணியில் அமர்த்துமுன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தண்ணீரின்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்’ என்றது. இரண்டும் நல்ல தமிழ்தான். தட்டச்சுப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பிவிடப் பார்த்தேன். ஒத்திகை வேண்டாம் என்று ஒரு கையேடு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்ற கேள்விதான் என்னை நிறுத்தியது.

மூலத்தைத் திறந்தால் இரண்டு இடத்திலும் ‘டிரை ரன்’. ‘டிரை’ என்றால் உலர்ந்த. பேச்சு வழக்கில் ‘டிரை ரன்’ ஒத்திகை. பம்ப் தொழிலில், உள்ளே தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடுவது. பம்பில் கசிவைத் தடுக்கும் ‘சீல்’ என்ற அடைப்புப் பகுதிக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சியும் மசகும். அது இல்லாமல் ஓடினால் உராய்ந்து சூடேறிப் பாழாகும். ஆறாம் பக்கத்தில் இருந்தது இந்தப் பொருள். பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது ஒத்திகை. மொழிபெயர்த்தவர் இரண்டையும் தெரிந்தேதான் இருந்தார், இடம் மாற்றி வைத்துவிட்டார். பதினொன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது பெட்டியோடு சேர்த்துப் பம்பையும் வெறுமனே ஓட்டியிருந்தால் புதுப் பம்ப் அன்றே போயிருக்கும்.

நானாகத் திருத்தி அனுப்பவில்லை. நிறுவனத்தின் பொறியாளரை அழைத்து, இரண்டு வரிகளையும் முன்னும் பின்னும் உள்ள பத்திகளோடு படித்துக் காட்டினேன். “சார், பதினொன்றில் மோட்டார் சுற்றுமா, சுற்றாதா?” என்று மட்டும் கேட்டேன்.

“சுத்தக் கூடாதுங்க. மோட்டார் இணைப்பைக் கழட்டிட்டு, பெட்டியில விளக்கு வரிசையா எரியுதான்னு பார்க்கச் சொல்றோம். அவ்வளவுதான்” என்றார்.

ஆங்கில மூலத்தில் மோட்டார் இணைப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதையும் சேர்க்கலாமா என்று கேட்டு, அவர் எழுத்தில் ஒப்புதல் அனுப்பிய பிறகு இப்படி வைத்தேன்:

ஆறாம் பக்கம்: பம்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைப் போடாதீர்கள்.

பதினொன்றாம் பக்கம்: மோட்டாரின் மின் இணைப்பைக் கழற்றிய பின், கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.